நாற்பத்து மூன்றாம் இலக்க வீட்டுக்கு இரண்டு அட்டைகள்

ஷாமினி தொலைபேசியில் கேட்டது ஒரு சின்னக் கேள்விதான். நான் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை செய்த நகராட்சி ஆவணக் காப்பகத்தில் இப்போது எல்லாவற்றையும் ஸ்கேன் செய்கிறார்கள். அந்த வேலைக்குப் பொறுப்பாக இருப்பவர் ஷாமினி. ஜெர்மனியிலேயே, டோர்ட்மண்டில் பிறந்து வளர்ந்தவர், நாற்பது வயதிருக்கும். நான் ஓய்வுபெறுவதற்கு ஒரு வருடம் முன்னர்தான் அங்கே வந்து சேர்ந்தார்.

“அண்ணை, அந்த ஸ்லோவாக்கிய ஊர்ப் பெட்டியில நாற்பத்து மூண்டாம் இலக்க வீட்டுக்கு ரெண்டு அட்டை கிடக்கு. ரெண்டிலயும் வேற வேற ஆக்களின்ர பேர். எது சரி? சரியானதை மட்டும் ஸ்கேன் பண்ணினாக் காணுமோ?”

“ரெண்டையும் பண்ணுங்கோ.”

“ஒண்டு பிழையெல்லோ?”

“ஓம், ஒண்டு பிழை. அதையும் பண்ணுங்கோ.”

“அப்ப ஏன் எண்டு எழுதித் தாங்கோ அண்ணை. எனக்குப் பிறகு வாற ஆளும் இதைத்தான் கேக்கும்.”

அதனால் எழுதுகிறேன். அட்டைகளைப் பற்றி மட்டும் எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். ஆனால் அதோடு சேர்ந்த என் பிழை ஒன்றும் இருக்கிறது. அதையும் சொல்லாமல் விட முடியாது.

எண்பதுகளின் நடுவில் மன்னாரிலிருந்து ஜெர்மனிக்கு வந்தவன் நான். ஹம் நகரத்தில் உணவகத்தில் கோப்பை கழுவினேன், களஞ்சியத்தில் பெட்டி ஏற்றினேன். முப்பத்தாறு வயதில், பக்கத்து நகரத்தின் ஆவணக் காப்பகத்துக்குப் பாரம் தூக்க ஆறு மாதத் தற்காலிக ஆளாகப் போனேன். ஆறு மாதம் ஒரு வருடமாயிற்று. பிறகு என்னிலும் பதினெட்டு வயது குறைந்தவர்களோடு வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து மூன்று வருடத் தொழிற்பயிற்சியை முடித்து நிரந்தரமானேன். அந்த மூன்று வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பகலில் வகுப்பு, மாலையில் அகராதி.

வேலையை வேலையாக எனக்குப் புரியவைத்தவர் காப்பகத்தின் தலைவி, டாக்டர் ஓவர்பெக். என் வயதுதான் இருக்கும். உயரமானவர். என் பெயரை முதல் நாளே சரியாகச் சொல்லக் கேட்டு, இரண்டு தரம் சொல்லிப் பார்த்து, அன்றிலிருந்து கடைசி வரை “ஹெர் மரியதாஸ்”, அதாவது திரு மரியதாஸ், என்று முழுதாகவே அழைத்தார். நன்றாகச் செய்தாய் என்று சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. பிழை விட்டால், அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு பென்சிலை வைத்துவிட்டுப் போவார். வாய் திறக்கமாட்டார். பென்சில் கிடந்தால் நானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு பெட்டி புதிதாக வந்தால் அதைத் திறப்பதற்கு முன்னர் ஒப்படைப்புக் கடிதத்தை முழுவதும் வாசிக்க வேண்டும். கைகளைக் கழுவி நன்றாக உலர்த்த வேண்டும். கையுறை கூடாது, கையுறைக்குள் விரலுக்குத் தாளின் கனம் தெரியாது. துருப்பிடித்த கிளிப்பை இழுக்கக் கூடாது. மெல்லிய எலும்புத் தகட்டை அடியில் விட்டு, பக்கவாட்டில் மெதுவாக நெம்ப வேண்டும். ஒவ்வொரு தாளின் வலது கீழ் மூலையிலும் மென்பென்சிலால் இலக்கம். எந்த வரிசையில் வந்ததோ அந்த வரிசையிலேயே இருக்கட்டும். எதையும் எடுக்காதே, எதையும் சேர்க்காதே. “நாங்கள் பழையதை ஒழுங்குபடுத்துபவர்கள் அல்ல, வைத்திருப்பவர்கள்” என்பார்.

அந்தக் காப்பகத்துக்கு ஒருநாள் ஓர் ஊரே பெட்டிகளில் வந்து சேர்ந்தது.

ஸ்லோவாக்கியாவில் ஹோர்னாட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது அந்த ஊர். ஸ்லோவாக்கியர்கள் கமென்னா என்றார்கள், ஜெர்மானியர்கள் ஸ்டைன்பாக் என்றார்கள், ஹங்கேரியர்களுக்கு மூன்றாவதாக ஒரு பெயர் இருந்தது. பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் சுரங்கம் தோண்டவும் துணி நெய்யவும் ஜெர்மானியர்கள் அங்கே போய்க் குடியேறியிருக்கிறார்கள். ஆற்றோரமாக ஒரே நீளத்துக்கு ஓடும் பெரிய தெரு, நடுவில் பாலம், பாலத்தடியில் சந்தை. தெருவின் இரு பக்கமும் கடைகள். கடைக்காரர்களில் பலர் யூதர்கள். 1942இல் யூதர்களை நாஜி முகாம்களுக்கு ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். 1944 இறுதியில் போர்முனை நெருங்க, ஜெர்மானியர்களும் ரயிலில் ஏறினார்கள். போர் முடிந்த பின் அவர்களைத் திரும்ப விடவில்லை. அவர்களில் கொஞ்சப் பேர் எங்கள் நகரத்துக்கு வந்தார்கள். இங்கே நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

வந்தவர்கள் ஒரு சங்கம் வைத்தார்கள். தேவாலய மண்டபத்துக்கு மேல் இரண்டு அறைகளில் தங்கள் ஊரின் உடைகள், பாடசாலை மணி, வரைபடங்கள், நிழற்படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்தார்கள். அதிலே மிகப் பெறுமதியானது ஒரு மரப்பெட்டி. ஊரின் முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கும் வீட்டுக்கு ஓர் அட்டை. யார் இருந்தார்கள், என்ன தொழில், இப்போது எங்கே. ஊரின் பழைய பாடசாலை ஆசிரியர் ஒருவர், ஆட்களைக் கேட்டுக் கேட்டு ஐம்பதுகளில் எழுதியது. சங்கத்தில் ஆட்கள் குறைந்து, இருந்தவர்களுக்கும் படியேற முடியாமல் போனபோது, எல்லாவற்றையும் எங்களிடம் ஒப்படைத்தார்கள். ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. தனியாட்கள் பற்றிய குறிப்புகளை வெளியாருக்குக் கொடுப்பதானால் சங்கத் தலைவரின் சம்மதம் வேண்டும்.

தலைவர் ஹெர் லாங். எண்பது வயது. பன்னிரண்டு வயதில் அந்த ஊரைவிட்டு வந்தவர், முப்பது வருடம் நிலத்துக்கு அடியில் கரி வெட்டியவர். புதன்கிழமை காலை பத்து மணிக்கு வருவார். மேற்கோட்டைக் கொழுக்கியில் கொழுவிவிட்டுப் பூதக்கண்ணாடியை எடுப்பார். நான் நிழற்படங்களை ஒவ்வொன்றாக வைப்பேன், அவர் முகங்களுக்குப் பெயர் சொல்வார். “இது தச்சன் மகன். இது தச்சன் மகனைக் கட்டியவள்.” இரண்டு வருடம் இப்படி நடந்தது. எனக்கு அவரைப் பிடித்திருந்தது. வீட்டை விட்டு வந்ததைப் பற்றி என்னிடம் கேட்டவர் அந்த அலுவலகத்தில் அவர் ஒருவர்தான். கேட்டுவிட்டு, பதிலை முழுவதும் கேட்டவரும் அவர்தான்.

ஓர் ஒக்டோபரில் ஹனோவரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஹானா நோவாக் என்ற பெண். அவருடைய தாய் லில்லி அந்த ஊரில் பிறந்தவர். குடும்பப் பெயர் வைஸ். பெரிய தெருவில் துணிக்கடை வைத்திருந்தார்கள். தாயின் பெற்றோரும் இரண்டு அண்ணன்மாரும் ஓர் அக்காவும் கொண்டுபோகப்பட்டு இறந்துவிட்டார்கள். ஆறு வயது லில்லியை ஆற்றுக்கு அக்கரையில் இருந்த ஒரு சலவைக்காரி தன் பிள்ளை என்று சொல்லி வளர்த்திருக்கிறாள். குடும்பத்தைப் பற்றி ஒரு நிழற்படம், ஒரு வரி, ஏதாவது உங்களிடம் இருக்கிறதா? அவ்வளவுதான் கேள்வி.

இப்படியான விசாரணைகளுக்கு நானே பதில் எழுத அப்போது எனக்கு அனுமதி இருந்தது. மரப்பெட்டியை எடுத்து முந்நூற்றுப் பன்னிரண்டு அட்டைகளையும் பார்த்தேன். வைஸ் என்று ஒருவரும் இல்லை. பெரிய தெருவின் ஏழு அட்டைகள் மற்றவற்றைவிட வெள்ளையாக, கையெழுத்தில் இல்லாமல் தட்டச்சில் இருந்ததைக் கண்டேன். பழுதானதைப் புதுப்பித்திருப்பார்கள் என்று நினைத்தேன். தட்டில் இன்னொரு பெட்டியும் இருந்தது, அந்த ஆசிரியரின் பாடசாலைப் பொருட்கள். அது இன்னும் பட்டியலிடப்படவில்லை. பாடக் குறிப்புகளாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். பதில் எழுதினேன். “தாங்கள் குறிப்பிட்ட குடும்பம் பற்றி எமது சேகரிப்பில் எந்தச் சான்றும் கிடைக்கவில்லை.” கீழே கையெழுத்து வைத்தேன். ஜெர்மனியில் என் அகதி விண்ணப்பத்துக்கு வந்த முதல் பதிலிலும் ஏறக்குறைய இதே வாக்கியம்தான் இருந்தது. எழுதும்போது அது நினைவுக்கு வரவில்லை.

அடுத்த ஜூனில் அந்தப் பாடசாலைப் பெட்டியைப் பட்டியலிடத் திறந்தேன். அடியில் நான்கு கொப்பிகள். அட்டைகளுக்காக ஆசிரியர் முதலில் எழுதி வைத்த மூலப்பிரதி. பழைய ஜெர்மன் கையெழுத்து, எழுத்தெல்லாம் கொக்கி கொக்கியாக இருக்கும். இரண்டு மாரிகாலம் இருந்து வாசிக்கப் பழகியிருந்தேன். பெரிய தெரு, இலக்கம் 43: “வைஸ் ஆர்மின், துணி வியாபாரி. மனைவி ரோசா. பிள்ளைகள் எர்னோ, மாக்டா, பெலா, லில்லி. 1942இல் கொண்டுபோகப்பட்டனர். பின்னர் வீடும் கடையும்: லாங், தையற்காரர்.”

ஹெர் லாங்கின் தந்தை.

நான் மரப்பெட்டிக்குப் போய் நாற்பத்து மூன்றாம் அட்டையை எடுத்தேன். “லாங், தையற்காரர், சொந்த வீடு.” வேறொன்றும் இல்லை. மற்ற ஆறு வெள்ளை அட்டைகளும் அப்படித்தான்.

அன்று வீட்டுக்குப் போனபோது மனைவி ரீற்றா கண்டுபிடித்துவிட்டாள்.

“என்னப்பா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?”

சொன்னேன்.

“தெரியாமச் செய்ததுதானே. அதுக்கேன் இப்பிடி இருக்கிறியள்?”

“தெரியாமல் இல்லை ரீற்றா. பெட்டி கிடந்தது தெரியும். திறக்கப் பஞ்சிப்பட்டனான், சோம்பல்தான்.”

அவள் சொன்னாள்: “அப்ப நாளைக்கே அந்த மனுசிக்கு எழுதுங்கோ. பிழை விட்டிட்டன் எண்டு எழுதுங்கோ.”

“ஏலாது. முதல் லாங்கிட்டக் கேக்கவேணும். அப்பிடித்தான் ஒப்பந்தம்.”

“கள்ளனிட்டயே கேக்கப் போறியள்?”

“அவருக்கு அப்ப பத்து வயசு” என்றேன். அவளுக்கு அது பதிலாகப் படவில்லை. எனக்கும்தான்.

மறுநாள் டாக்டர் ஓவர்பெக் கொப்பியை வாசித்தார். என் கடிதத்தின் பிரதியையும் வாசித்தார். இந்தத் தடவை பென்சில் வைக்கவில்லை. கேட்டார், “பெட்டி இருப்பது உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“சரி. கடிதத்தின் பிரதி கோப்பிலேயே இருக்கும். சம்மதத்தை நீங்கள் கேளுங்கள். அவர் வருவது உங்களிடம்.”

“மறுத்தால்?”

“மறுத்தால் நான் நீதிமன்றத்துக்குப் போவேன். ஆனால் முதலில் கேட்க வேண்டும். கேட்காமல் ஒரு தாளைக் கொடுத்தோமென்றால் நாளை எவரும் எங்களிடம் எதையும் தரமாட்டார்கள்.”

புதன்கிழமை பத்து மணிக்கு லாங் வந்தார். கோட்டைக் கொழுவினார். நான் நிழற்படம் எதுவும் வைக்கவில்லை. கொப்பியை அந்தப் பக்கத்தில் திறந்து வைத்தேன். அவர் பூதக்கண்ணாடியை எடுக்கவே இல்லை.

“ஆசிரியரின் கையெழுத்து” என்றார். “இதை எரித்துவிட்டதாக அப்பா சொன்னார்.”

நான் நாற்பத்து மூன்றாம் வெள்ளை அட்டையைக் கொப்பிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“அட்டைகளை மாற்றித் தட்டச்சு செய்தது யார் தெரியுமா? நான்தான். அப்பா சொல்லச் சொல்லத் தட்டினேன். சங்கத்தில் தட்டச்சுத் தெரிந்தவன் நான் ஒருவன். ஏழு வீடுகள். எல்லாரும் சரி என்றார்கள். கண்காட்சிக்கு ஆட்கள் வருகிறார்கள், பழையதைக் கிளறத் தேவையில்லை என்றார்கள். எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. முடியாது என்று சொல்லியிருக்கலாம்.” கொஞ்சம் பொறுத்துக் கேட்டார்: “யார் விசாரிக்கிறார்கள்?”

“அந்த வீட்டுக் கடைசி மகளின் மகள்.”

“கடைசி மகளா? லில்லியா?”

“ஆம்.”

“லில்லி உயிரோடு இருந்தாளா?”

சலவைக்காரியைப் பற்றிச் சொன்னேன். அவர் இரண்டு கைகளையும் மேசையில் ஊன்றி எழுந்தார். கோட்டை எடுத்தார், ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு வெளியே போனார். பூதக்கண்ணாடி மேசையிலேயே கிடந்தது.

மூன்று புதன்கிழமைகள் வரவில்லை. டாக்டர் ஓவர்பெக் நகராட்சிச் சட்டத்தரணியோடு பேசத் தொடங்கினார். நான்காவது புதன்கிழமை பத்து மணிக்கு லாங் வந்தார். சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். பிறகு ஒரு பழுப்பு உறையை எடுத்து வைத்தார். உள்ளே ஒரு நிழற்படம். கடை வாசலில் ஐந்து பேர் நிற்கிறார்கள், கடைசியாகப் படியில் ஒரு சின்னப் பெண் இருக்கிறாள்.

“நாங்கள் அந்த வீட்டுக்குப் போனபோது அலுமாரிக்குப் பின்னால் கிடந்தது. ஊரைவிட்டு வரும்போது அம்மா இதையும் கொண்டுவந்தார். ஏன் என்று நான் கேட்டதில்லை. எரிக்கவும் இல்லை, ஒருவருக்கும் காட்டவும் இல்லை.”

அன்றே ஹனோவருக்கு எழுதினேன். முதல் கடிதம் பிழை என்றும், பிழை என்னுடையது என்றும் எழுதினேன். டாக்டர் ஓவர்பெக் வாசித்து ஒரு சொல்லும் மாற்றாமல் திருப்பித் தந்தார்.

ஹானா நோவாக் ஜூலையில் வந்தார். ஐம்பது வயது மதிக்கலாம். வாசிப்பறையில் இருத்தி, நிழற்படத்தை முன்னால் வைத்தேன். அவர் தொடவில்லை. “தொடலாம்” என்றேன்.

“அம்மா மார்ச் மாதம் இறந்துவிட்டார்” என்றார்.

என் முதல் கடிதம் போனது நவம்பரில். நான் விரல் மடித்துக் கணக்குப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

“அந்தக் கடிதத்தில் கையெழுத்து வைத்தவன் நான்” என்றேன்.

“தெரியும். உங்கள் சட்டையில் பெயர் இருக்கிறது.”

பிறகு அவர் நிழற்படத்தைக் கையில் எடுத்து, ஒவ்வொரு முகமாகப் பெயர் சொன்னார். தாயைத் தவிர அவர்களில் ஒருவரையும் அவர் கண்டதில்லை. ஆனால் வயதை வைத்தும், நிற்கும் இடத்தை வைத்தும், தாய் சொல்லித் தந்த வரிசையில் சொன்னார். நான் படத்தின் உறையில் பென்சிலால் எழுதினேன். லில்லியின் பெயரைச் சொல்லும்போது மட்டும் நிறுத்திவிட்டு, அந்தப் படியில் இருந்த பிள்ளையின் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லாங் வெளியே நடைவழியில் இருந்தார். அன்று அவர் வருவதாக எனக்குச் சொல்லியிருக்கவில்லை. உள்ளே வரலாமா என்று கேட்டுச் சொல்லும்படி என்னை அனுப்பினார். நான் அவர் யார் என்று ஹானாவிடம் சொல்லிக் கேட்டேன்.

“இன்று வேண்டாம்” என்றார்.

போய்ச் சொன்னேன். லாங் தலையை ஆட்டினார். “சரியான பதில்” என்றார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

பிறகு வந்த புதன்கிழமைகளில் அவர் அந்த வெள்ளை அட்டைகளை எடுத்துவிடும்படி டாக்டர் ஓவர்பெக்கிடம் கேட்டார். அவர் மறுத்தார். “இப்படி எழுதினார்கள் என்பதும் நடந்ததுதான் ஹெர் லாங். அதை அழிக்க உங்களுக்கும் உரிமையில்லை, எனக்கும் இல்லை. புதிதாக எழுதித் தாருங்கள், பின்னால் வைக்கிறோம்.” லாங் எழுதினார். தட்டச்சில் அல்ல, கையால். ஏழு வீடுகளுக்கு ஏழு அட்டைகள். யார் இருந்தார்கள், எப்போது கொண்டுபோனார்கள், பிறகு யார் எடுத்தார்கள். ஒவ்வொன்றின் கீழும் தன் கையெழுத்து. ஷாமினி கண்ட இரண்டாவது அட்டை அதுதான்.

அதற்குப் பிறகு நான் எந்த விசாரணைக்கும் சான்று இல்லை என்று எழுதியதில்லை. எதை எதைப் பார்த்தேன், எதை இன்னும் பார்க்கவில்லை என்று எழுதினேன். கடிதம் நீண்டது. புதிதாக வந்தவர்கள் அலுத்துக்கொண்டார்கள். அலுத்துக்கொள்ளட்டும்.

இரண்டு மாரி கழித்து லாங் இறந்தார். சில வாரங்களில் ஹானா தொலைபேசியில் அழைத்தார்.

“அந்த மனிதர் இருக்கிறாரா?”

சொன்னேன். கல்லறை எங்கே என்று கேட்டார்.

ஒரு சனிக்கிழமை வந்தார். நிலையத்திலிருந்து நான் கூட்டிக்கொண்டு போனேன். கல் இன்னும் நாட்டப்படவில்லை, மரச்சிலுவை ஒன்றுதான். அவர் பாதையில் கிடந்த கூழாங்கல் ஒன்றைக் குனிந்து எடுத்தார். யூதர்கள் கல்லறையில் கல் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். உள்ளங்கையில் வைத்தபடி நெடுநேரம் நின்றார். பிறகு அதை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

“அம்மாவிடம்தான் அவர் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும்” என்றார். “அம்மாவுக்காக நான் கொடுக்க முடியாது.”

நிலையத்துக்குத் திரும்பி நடந்தோம். ரயிலுக்குப் பத்து நிமிடம் இருந்தது. அத்தனை நாளும் கேட்கத் துணியாததை அப்போது கேட்டேன். “என் முதல் கடிதத்தை உங்கள் அம்மா வாசித்தாரா?”

“வாசித்தார். இரண்டு தரம். அதுவரை அந்தக் கடையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார். நீலப் பலகை, துணி அளக்கும் பித்தளைக் கோல், எர்னோ அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு பாலத்தைக் கடந்தது. கடிதத்துக்குப் பிறகு பேசவில்லை. நான் கேட்டால், ‘எனக்கு அப்போது ஆறு வயதுதானே, அப்படி ஒரு கடை இருக்கவில்லைப் போல’ என்பார்.”

ரயில் வருவதாக ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

“உங்களை அவர் கோபிக்கவில்லை ஹெர் மரியதாஸ்” என்றார் ஹானா. “உங்களை நம்பினார்.”

ஹனோவர் ரயில் வந்தது. அவர் கைகொடுத்துவிட்டு ஏறினார். ரயில் போன பிறகும் நான் கொஞ்ச நேரம் அந்த மேடையிலேயே நின்றேன்.